ஒரு கரண்டி ரத்தம்

செல்லாயிக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமாகி வந்த புதிதிலேயே ராசப்பன் இதைக் கண்டுபிடித்துவிட்டார். பால் பொங்கி அடுப்பில் ஊற்றினால், யாரும் கேட்பதற்கு முன்பே வாசலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவாள். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் காட்டில் மேய்ந்தால், அந்தக் காட்டுக்காரரிடம் இவளே போய்ச் சொல்லி ஏச்சு வாங்கி வருவாள். "உன் தங்கச்சியை வெச்சுக்கிட்டு ஒரு ரகசியம் பேச முடியாது போ" என்று ராசப்பன் தன் மச்சான் சென்னிமலையிடம் சொல்லிச் சிரிப்பார். அப்போதெல்லாம் அவர் சிரிக்கிற மனிதர்தான்.

அவர்கள் வீடு புதுச்சத்திரத்துக்கு மேற்கே, செம்மண் காட்டுக்கு நடுவில் தனியாக நின்றது. ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு, மழை பெய்தால் கடலையும் சோளமும். பிறந்து தங்கியது ஒரே பெண், பாவாயி. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் ராசப்பன் அவளைத் தரையில் விடுவதே இல்லை. உழவு இல்லாத நாளில் தோளிலேயே வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றுவார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வைகாசியில் அவருக்கு அடிபட்டது. தோல் சாலில் நீரிறைக்கிற கவலையில், மாட்டைச் சரிவில் இறக்கிக்கொண்டு வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். சால் பாதிக் கிணறு ஏறியிருக்கும்போது கயிறு அறுந்தது. பாரம் விட்ட மாடுகள் முன்னால் பாய்ந்து மண்டியிட, ராசப்பன் தூக்கி எறியப்பட்டு நுகத்தடியின் மேல் விழுந்தார். அதன் முனை மேல்வயிற்றில் இறங்கியது. ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. சில நாள் படுத்துக் கிடந்தார், பிறகு எழுந்து நடந்தார். எல்லோரும் தப்பித்தது பெரிது என்றார்கள்.

ஆடி பிறந்தபோது அவரால் அரைக் கிண்ணம் கூழுக்கு மேல் குடிக்க முடியவில்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே ஏதோ உருண்டையாகத் திரண்டு வந்தது. செல்லாயி எண்ணெய் தடவும்போது அது கைக்குத் தட்டுப்பட்டது, உள்ளே தேங்காய் ஒன்றை வைத்துத் தைத்ததுபோல. வயிற்றில் நீர் கோத்த மகோதரம் என்றார் ஒரு வைத்தியர். செய்வினை என்றார் இன்னொருவர், தொப்புளைச் சுற்றிச் சூடு போட்டார். சூட்டுப் புண் ஆறியது. உருண்டை மட்டும் பெருத்தது. தின்றதெல்லாம் வாந்தியாக வந்து, அவர் விலா எலும்பை எண்ணலாம் என்கிற அளவுக்கு ஆனபிறகு, சென்னிமலை யாரையும் கேட்காமல் அவரை, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையால் ஓடிய கரி பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனார். பாவாயியைத் தன் மனைவியிடம் விட்டுவிட்டுச் செல்லாயியையும் கூட்டிப்போனார். மேட்டில் பஸ் நின்றுபோய் ஆட்கள் இறங்கித் தள்ளியபோது, ராசப்பன் மட்டும் உள்ளே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தவர் பாலசுந்தரம் என்கிற டாக்டர். பர்மாவிலிருந்து பட்டாளம் பின்வாங்கியபோது கூடவே நடந்து வந்தவர், ஒரு காலைச் சாய்த்துத்தான் நடப்பார். நோயாளிகளிடம் ஒளித்துப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"இரைப்பைக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்கும்மா" என்று அவர் செல்லாயிக்கு விளக்கினார். "நாம தின்ற சோறு, கறி எல்லாத்தையும் கரைக்கிற நீர் அதுலதான் ஊறுது. நுகத்தடி குத்தினதுல அது கிழிஞ்சு, நீர் போக வழியில்லாம உள்ள தேங்கி நிக்குது. அதைத் திறந்து வெளிய விட்டுடுவேன். அது பெரிய காரியமில்ல. அப்புறம்தான் பயம். கறியைக் கரைக்கிற நீர் அது. தின்ன கறி எது, உடம்புல ஓடற ரத்தக் குழாய் எதுன்னு அதுக்குத் தெரியாது."

கத்தி வைப்பதற்கு முன்பே அவர் ரத்தம் கொடுக்க ஆள் கேட்டார். பார்க்க வந்திருந்த பங்காளிகள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். ஒருவருக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது, ஒருவருக்குக் கோர்ட்டு வேலை இருந்தது. மிஞ்சியவர் சென்னிமலைதான். அவர் ரத்தம் சேருகிறது என்று சோதித்துச் சொன்னார்கள். வயிற்றில் வைக்கப்போகிற குழாயை எடுக்கிற வரைக்கும் சேலத்தை விட்டுப் போகக்கூடாது என்று டாக்டர் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சென்னிமலை சூரமங்கலத்தில் ரயில்வேயில் இருந்த ஒரு சிநேகிதனின் லைன் வீட்டில் தங்கிக்கொண்டு, காலையும் மாலையும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆபரேஷன் ஒழுங்காக முடிந்தது. மயக்கம் தெளிந்தபிறகு ராசப்பன் பட்டபாடுதான் பெரிது. மயக்கத்துக்குக் கொடுத்த ஈதர் வாடை போகாமல் நாள் முழுக்கக் குமட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு குமட்டலுக்கும் தையல் இழுத்தது. தன்னை இனி ஒரு தரம் அந்த மேஜையில் ஏற்றினால் உயிரோடு இறங்கமாட்டேன் என்று அன்றைக்கே சொன்னார்.

இடது விலாவுக்குக் கீழே ஒரு ரப்பர் குழாய் வெளியே வந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த கண்ணாடிப் புட்டியில் இறங்கியது. அரிசி கழுவின தண்ணீர்போல ஒன்று அதில் சொட்டிக்கொண்டே இருந்தது. குழாயைச் சுற்றி அது கசிந்த இடமெல்லாம் தோல் வெந்து சிவந்தது. நர்ஸ் ராஜம்மாள் வந்து வெள்ளைக் களிம்பை அடைபோல அப்பிவிட்டுப் போவாள். வயிற்றுக்குள் அந்த நீர் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ என்று செல்லாயி அந்த வெந்த தோலைப் பார்த்துத்தான் நினைத்துக்கொள்வாள். ராத்திரி பகலாக ஒரு காவல் மாதிரி அந்தப் புட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் வார்டு ஆட்களிடம் சொன்னதை அவளிடமும் தனியாகச் சொல்லியிருந்தார். குழாயில் ஒரு கரண்டி சிவப்பு வந்தாலும் உடனே தனக்குத் தெரிய வேண்டும். தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி. வந்த ரத்தம் தானாக நின்றுவிட்டால் என்ன என்று செல்லாயி கேட்டாள்.

"நின்னுட்டாதான் ரொம்ப பயப்படணும்" என்றார் அவர். "பட்டாளத்துல பார்த்திருக்கேன். கட்டுல லேசா ரத்தம் ஊறும், நின்னுடும். அவனும் பீடி பத்த வெச்சுக்கிட்டுச் சிரிச்சுப் பேசிட்டிருப்பான். அடுத்த நாள் நாங்க ஓடி வர்றதுக்குள்ள போயிடுவான். முதல்ல வர்ற ரத்தம் ஆளைக் கொல்றதில்லம்மா. வரப் போறேன்னு சொல்லிட்டுப் போகும்."

நாட்கள் போயின. ராசப்பனுக்குப் பசி எடுத்தது. கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு வந்தார். புட்டியில் இறங்கும் நீர் குறைந்தது. இப்படியே போனால் இந்த வாரக் கடைசியில் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும், ராசப்பன் காட்டுக் கடலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வெட்டாமல் விட்டால் மண்ணிலேயே முளைத்துவிடும். பாவாயி தன்னை மறந்திருப்பாளோ என்று ஒரு நாளைக்குப் பல தரம் கேட்டார்.

அது நடந்தது ஒரு நடுப்பகல். வார்டில் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள். ராசப்பன் இடது பக்கம் என்னவோ சுருக்கென்றது என்று சொல்லிக் குனிந்து பார்த்தார். அவர் பார்த்த திசையில் செல்லாயியும் பார்த்தாள். குழாய் சிவந்திருந்தது. நூல்போல ஆரம்பித்து, கொஞ்சம் தடித்து, புட்டியின் அடியில் போய்ப் படிந்தது. ஒரு கரண்டி இருக்கும். அவள் எழுவதற்குள் அது வெளுத்து, பழையபடி கலங்கல் நீராகிவிட்டது.

அவள் கையை ராசப்பன் பிடித்துக்கொண்டார்.

"எங்க போற?"

"டாக்டருகிட்டச் சொல்லோணுமுங்க."

"நின்னு போச்சு பாரு. எல்லாம் நின்னு போச்சு. சொன்னயின்னா மறுக்காவும் என்னையக் கீறுவாங்க. ஊட்டுக்குப் போறதுக்கு இன்னும் ரண்டு நாளுதான் கெடக்குது புள்ள."

அவள் கையை உதறவில்லை, ஆனால் உட்காரவும் இல்லை. ராசப்பனுக்குத் தன் மனைவியைத் தெரியும். வெறுமனே சொல்லாதே என்றால் அவளால் சொல்லாமல் இருக்க முடியாது என்பதும் தெரியும். ஆகவே அவர் கேட்கக் கூடாததைக் கேட்டார். பாவாயி தலை மேல் சத்தியம் பண்ணச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். அவர் அழுதார். பெரிய மனிதர், வயிற்றில் குழாயோடு, சத்தம் வெளியே வராமல் அழுதார். கடைசியில் செல்லாயி இல்லாத குழந்தையின் தலையைத் தொடுவதுபோல அவர் நீட்டிய உள்ளங்கையில் கையை வைத்து, சொல்லமாட்டேன் என்றாள். பிறகு புட்டியை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தாள்.

அதன்பிறகு பொழுது நகரவில்லை. ராசப்பன் தூங்கினார். நல்ல தூக்கம். முகத்தில் தெளிவுகூட இருந்தது. செல்லாயி அந்தத் தெளிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீடி பற்றவைத்துச் சிரித்த பட்டாளத்துக்காரனை அவள் பார்த்ததில்லை. ஆனால் அவன் முகம் அன்று அவள் எதிரில் இருந்தது.

சாயங்காலம் டாக்டர் சுற்றி வந்தார். புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"செவப்பா ஏதாவது வந்துச்சாம்மா?"

"இல்லீங்க" என்றாள் செல்லாயி.

அவள் வாழ்க்கையில் வேறு பொய் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. இது ஒன்று தெரியும். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார், அதற்கடுத்த கட்டிலுக்குப் போனார். ராசப்பன் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார். டாக்டர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வார்டைத் தாண்டுகிற வரைக்கும் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வராந்தாவில் அவரை எட்டிப் பிடித்தாள்.

"வந்துச்சுங்க. மத்தியானம். ஒரு கரண்டி. நாந்தான் கழுவி ஊத்திப்போட்டேன்" என்றாள். சத்தியத்தைப் பற்றியும் சொன்னாள்.

டாக்டர் கோபிக்கவில்லை. புதுச் சிவப்பா, கருஞ்சிவப்பா, கட்டியாக வந்ததா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே திரும்பி நடந்தார். சூரமங்கலத்துக்குச் சைக்கிளில் ஆள் போனது. சென்னிமலை மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் அவர் கையிலிருந்து ஒரு புட்டி ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். ஆபரேஷன் அறையில் கத்திகளைக் கொதிக்க வைத்தார்கள். ராஜம்மாள் ராசப்பனின் கையில் நாடியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

எல்லாம் தயாரானது. ராசப்பன்தான் சம்மதிக்கவில்லை. தனக்கு ஒன்றும் இல்லை, வலி இல்லை, பசிக்கிறது என்றார். சென்னிமலை, "மச்சான், பாவாயிய நெனச்சாச்சும் ஒத்துக்க" என்று கெஞ்சிப் பார்த்தார். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி விளக்கினார். உள்ளே ஒரு குழாய்ச் சுவர் அரித்துப்போயிருக்கிறது, இப்போதே திறந்தால் வறண்ட இடத்தில் கட்டலாம், உடைந்தபிறகு திறந்தால் ரத்தத்துக்குள் தேட வேண்டும் என்றார். ராசப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டிவைத்து அறுக்க முடியாது என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுந்தார், வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி வார்டு வாசலிலேயே போட்டு உட்கார்ந்தார்.

ராசப்பன் செல்லாயியிடம் அன்றிரவு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "என்னைய உடு. பாவாயி தலையவாச்சும் நெனச்சயா?"

பொழுது விடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. புட்டியில் இரண்டு விரற்கடை நீர், கொஞ்சமும் சிவப்பில்லாமல். ராசப்பன் எழுந்து உட்கார்ந்து, எல்லோரையும் வெற்றியோடு பார்த்தார். வேட்டியைக் கொண்டுவா, ஊருக்குப் போகலாம் என்றார். வார்டுக்காரர்களில் ஒருவர் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார் என்றுகூடச் சொல்வார்கள். செல்லாயி வேட்டியை எடுக்கக் குனிந்தாள். அவர் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார்.

முதலில் அவள் கேட்டது சத்தத்தைத்தான். புட்டிக்குள் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தபோது புட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயைச் சுற்றி, களிம்பைக் கழுவிக்கொண்டு, வேறு வழியாகவும் வந்தது. ராசப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உதடு வெளுத்திருந்தது. சாய்ந்தார்.

டாக்டர் நாற்காலியிலிருந்து எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. துணிச்சுருளைக் குழாய்த் துளையில் திணித்து, இரண்டு கையாலும் அழுத்தியபடியே கட்டிலோடு கூட ஓடினார். ஓடும்போதே ராஜம்மாள் ஐஸ் பெட்டி ரத்தத்தை ராசப்பனின் கையில் ஏற்ற ஆரம்பித்திருந்தாள். கதவு மூடியது. அதற்குப் பின்னால் சென்னிமலையை மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வெளியே வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இரைப்பைக்குப் பின்னால் ஓடுகிற ஒரு பெரிய ரத்தக் குழாயில் ஓட்டை விழுந்திருந்ததாம். டாக்டர் ரத்தக் கட்டிகளை வாரி எடுத்துப்போட்டு, விரலை வைத்து அடைத்து, ஓட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நூலால் கட்டினார். குழியைத் துணிநாடாவால் அடைத்து, அதைப் பல நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்தார். ரத்தம் ஐஸ் பெட்டியில் தயாராக இல்லாமல், அப்போதுதான் ஆள் தேடிப் போயிருந்தால், தான் ஒரு பிணத்தைத்தான் தைத்திருப்பேன் என்று அவர் சென்னிமலையிடம் சொன்னார்.

ராசப்பன் பிழைத்தார். கடலை மண்ணிலேயே முளைத்துப் போயிருந்தது. வீட்டுக்கு வந்தபோது பாவாயி அவரை மறந்திருக்கவில்லை. ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கவில்லை. தூக்க உடம்பில் தெம்பில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். செல்லாயிக்கு மட்டும் அவர் பார்வை புரிந்தது. அவர் குழந்தையின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனதில் அது நடந்த வரிசை வேறாக இருந்தது. மத்தியானம் ரத்தம் வந்தது, நின்றது. செல்லாயி வாயைத் திறந்தாள். திறந்தபிறகுதான் கொட்டியது. மீறின சத்தியம் முதலில் தன்னைத் தொட்டுப் பார்த்தது, தான் தப்பித்தாயிற்று, அடுத்தது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. சென்னிமலை டாக்டர் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னார். ராசப்பன் கேட்டுக்கொண்டார், ஆமாம் என்றும் சொன்னார். மறுநாள் மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் சத்தியம் கழிக்க வழி கேட்டார்.

செல்லாயியும் பயந்தாள். அதைச் சொல்லாவிட்டால் அவளைப் பற்றிச் சொன்னதாகாது. குழந்தை தும்மினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். பாவாயியைக் கிணற்றுப் பக்கம் விடுவதில்லை, மாட்டுப் பக்கம் விடுவதில்லை, புளிய மரத்தடியில் விடுவதில்லை. ஒரே பயத்தை இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் தனித்தனியாகச் சுமந்தார்கள். ராசப்பன் அவளோடு வேலைக்கு வேண்டிய பேச்சுக்கு மேல் பேசுவதில்லை. அவள் வைத்த சோற்றைத் தின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரன் போன வருஷம் கார்த்திகையில் பாவாயிக்குக் காய்ச்சல் வந்தது. இறங்காத காய்ச்சல். வாரம் தாண்டியும் உடம்பு அனலாகக் கொதித்தது, பிதற்றினாள். ராசப்பன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, வந்துவிட்டது என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். சேலத்துக்குக் கொண்டுபோகலாம் என்று செல்லாயி சொன்னதற்கு, இதுக்கு டாக்டர் என்ன பண்ணுவான் என்றார். அவள் அவரிடம் இன்னொரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்து, அண்ணனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

குடற்காய்ச்சல் என்றார்கள். மார்கழி நடுவில் பாவாயி எழுந்து உட்கார்ந்தாள். எலும்பும் தோலுமாக, முடி கொட்டி, ஆனால் உயிரோடு. இடது காது மட்டும் போய்விட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் தட்டைப் போட்டு உடைத்தாலும் அவள் திரும்பவில்லை. சில பேருக்கு இந்தக் காய்ச்சலில் அப்படி ஆகும், இனி வராது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் ராசப்பன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்தார். மறுபடி சொடுக்கினார். அவள் கேட்காமல் அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். ராசப்பனின் தோள் தளர்ந்தது. மூன்று வருஷமாக இறுகியிருந்த முகம் இளகியது. அவர் செல்லாயியை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"காதோட போச்சு புள்ள. கழிஞ்சுது. இனி நமக்குப் பயமில்ல" என்றார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

செல்லாயி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரைக்கும் அவளுக்குள்ளும் அந்தப் பயம் இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது அது எங்கே போனதென்று தெரியவில்லை என்று பிற்பாடு அண்ணன் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

"காச்சல்ல போன காதுங்க அது" என்றாள். "உங்க உசுரு நான் வாயத் தொறந்ததுல நின்னுது. எம்புள்ள தலைய நடுவுல கொண்டாந்து வெச்சது நீங்க."

குழந்தையை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதன்பிறகு ராசப்பன் மாறிவிட்டார். பழையபடி பேச்சு வந்தது, கேலி வந்தது. சந்தைக்குப் போனால் செல்லாயிக்குப் பூ வாங்கி வந்தார். அவள் வாங்கி வைத்தாள். வயிறு முழுக்கத் தழும்போடு, பாரம் தூக்காமல், காட்டைப் பார்த்துக்கொண்டு அவர் இன்னும் பல வருஷம் இருந்தார். அவர் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். தானாக வந்து எதையும் சொல்வதை மட்டும் விட்டுவிட்டாள். பால் பொங்கி ஊற்றினால் துடைத்துவிட்டுப் போய்விடுவாள். ராசப்பன் அதைக் கவனிக்க ஒரு வருஷம் ஆயிற்று. கவனித்தபிறகு, சில சாயங்காலங்களில், அவர் வேலையை விட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்று, இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பார். ஒன்றுமில்லை என்பாள் அவள்.